அம்மா சீரியஸ்

தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்கிற பயம் பூங்காவனத்துக்குக் காலையில் கண் விழித்தபோதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லவேண்டியது என்னவோ நாலு வார்த்தைதான். எனக்கு உடம்பு முடியவில்லை, எழுந்து நடமாட முடியவில்லை, மகன் பக்கத்தில் இருந்தால்தான் ஆகும், இன்னும் பத்து நாள் லீவு கொடுங்கள். நாலே வார்த்தை என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் டியூட்டிக்குப் போய்விட்டார். அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது அது ஒரு தடவை வளர்ந்துகொண்டே போனது, இன்னொரு தடவை பாதியிலேயே முடிந்துவிட்டது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் அவள். செய்யுளை ஒப்பிக்கச் சொன்னால் நடுவில் ஒரு வரி விழுந்துவிடும், டீச்சர் முகத்தைப் பார்த்தால் மிச்சமும் விழுந்துவிடும். இன்றைக்கு டீச்சர் முகம் கிடையாது, மகனுடைய மேலதிகாரியின் போன்தான். முகம் தெரியாமல் பேசுவது நல்லதா கெட்டதா என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நம்புகிறாரா இல்லையா என்று பார்த்துப் பார்த்துப் பேசலாம் என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. ஜன்னல் கட்டையில் வைத்தால்தான் டவர் கிடைக்கும் என்று மகன் தணிகை போனை அங்கே வைத்துவிட்டு, மாசமாக இருக்கும் பொண்டாட்டி நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் குடியாத்தம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அந்தப் போன் கறுப்பாக, சத்தமில்லாமல், அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, வரப்போகிற குழந்தைக்காகப் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு முதல் துணி பழசாகத்தான் இருக்கவேண்டும், துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனதாக. ஓரத்தில் பல்லால் கடித்து இழுத்தால் நேராகக் கிழியும். கொஞ்ச தூரம் போய் எங்கேயோ ஒரு நூல் கோணும், அங்கே நின்றுவிடும்.

தணிகைவேல் பட்டாளத்தில் இருக்கிறான், பனிமலையில். எந்த மலை என்று அவன் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் டிவியில் அந்தப் பேர் வரும்போதெல்லாம் எழுந்து போய் அணைக்கவேண்டிவரும். தலைப்பிரசவத்துக்கு வந்துவிடவேண்டும் என்று வருஷத்து லீவையெல்லாம் எடுக்காமல் சேர்த்து, பிள்ளை பிறந்தால் அப்பனுக்குத் தருகிற லீவையும் அதோடு ஒட்டவைத்து வந்தான். முதல் ஸ்கேனில் ஒரு தேதி சொன்னார்கள், அந்தத் தேதியை நம்பித்தான் வந்தான். அடுத்த ஸ்கேனில் அதெல்லாம் இல்லை, இன்னும் தள்ளிப்போகும் என்றார்கள். யாரைக் குறை சொல்வது, உள்ளே இருப்பது வெளியே வரவேண்டும் என்று நினைக்கும்போதுதானே வரும். லீவு தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறவேண்டும். நேற்று சாயங்காலம் மாடியில் நின்றுகொண்டு அவனுடைய சுபேதாருக்குப் போன் போட்டுப் பேசினான். சுபேதார் தமிழ் ஆள்தான், ஞானசேகரன் என்று பேர். அம்மாவுக்கு ரொம்ப முடியல சாப் என்று இவன் சொல்வது படிக்கட்டுக்குக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்தது. அவளுக்குக் கை நின்றுவிட்டது. யாருக்கு முடியவில்லை என்று ஒரு நொடி புரியவே இல்லை. கீழே இறங்கி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல், "காலைல அவரே போன் பண்ணுவாரும்மா, உங்கிட்ட பேசணும்ன்றாரு" என்றான்.

"எங்கிட்ட எதுக்குடா? உங்க நைனா பேசட்டும்."

"நைனா பட்டாளத்துக்காரரு, அவரு இன்னா வேணா சொல்லுவாரு, அம்மாகிட்டயே கேட்டுக்கறேன்ட்டாரு."

ஏகாம்பரத்துக்கு அது பெருமையாகப் போய்விட்டது. ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கி, இப்போது ஒரு காலேஜ் கேட்டில் உட்கார்ந்திருக்கிறவர். பட்டாளத்தில் இருந்த நாளெல்லாம் அவர் வாயில் வீரமாகத்தான் வரும், இன்றைக்குத் தந்திரமாக வந்தது. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே பாடம் நடத்தினார். "தே பூங்கா, கேளு. எடுத்தவுடனே கணீர்னு ஹலோ சொல்லாதே. இழுத்துச் சொல்லு. நடுவுல ரெண்டு தரம் இருமு."

"எனக்கு இருமல் இல்லியே."

"இருந்தா நான் ஏன் சொல்லித் தரப்போறேன்."

"நைனா, அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லியிருக்கேன், இருமல் இல்ல" என்றான் தணிகை.

"நெஞ்சு வலியா? அத மொதல்ல சொல்றதில்லியா. அப்ப இருமாதே. மூச்சு வாங்கு."

நிரோஷா சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாய் இல்லாத பெண், அதனால்தான் வளைகாப்பு முடிந்தும் பிறந்த வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறாள். "அத்தை மூச்சு வாங்கினா பக்கத்து வீட்டு நாய்கூட நம்பாது மாமா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பூங்காவனமும் சிரித்தாள். ஆனால் நெஞ்சு என்ற சொல் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை உடம்பு இருக்க, கை கால் இருக்க, இந்தப் பிள்ளை போய் நெஞ்சைச் சொல்லியிருக்கவேண்டாம். காலென்று சொல்லியிருந்தால் வழுக்கி விழுந்தேன் என்று முடித்துவிடலாம். அப்போதிலிருந்து இடது பக்கம் என்னவோ ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. வாயுவாக இருக்கும். இட்லிக்கு உளுந்து கூடிப்போனாலும் அப்படித்தான் பிடிக்கும். வாயு என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள், அவள் சித்தப்பா அப்படித்தான் சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். அதை ஏன் இப்போது நினைக்கவேண்டும். நினைக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேட்டியை இழுத்தாள், பாதியில் கோணிக்கொண்டு நின்றது.

வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். நல்லதோ கெட்டதோ ஒன்றைச் சொன்னால், மேலே போய்க்கொண்டிருக்கிற தேவதை அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போகுமாம். அது எந்த நேரத்தில் போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எந்த நேரத்திலும் சொல்லக்கூடாது. அவள் மாமியார் கெங்கம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. ஏகாம்பரம் பட்டாளத்தில் இருந்த காலத்தில் போன் ஏது, தந்திதான். மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. ஊரில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டில் எல்லாருக்கும், எழுத்துத் தெரியாதவர்களுக்குக்கூட, இந்த வார்த்தைகள் தெரியும். கெங்கையம்மன் திருவிழாவுக்கு மகன் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு கெங்கம்மா தானே பஸ் ஏறிக் குடியாத்தம் போய், தபாலாபீசில் நின்று, தனக்கு சீரியஸ் என்று தந்தி கொடுத்தாள். திரும்பும்போது கருவாடு வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்தாள். மகன் அலறியடித்துக்கொண்டு வந்தபோது சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீடுகளில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்தது நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு சீரியஸ். அப்புறம் வீட்டுக்குத் தளம் போடும்போது ஒரு சீரியஸ். ஒவ்வொரு தடவையும் ஏகாம்பரம் பாதி பயத்தோடும் பாதி சிரிப்போடும் வந்து இறங்குவார். தளம் போட்டபோது பூங்காவனம் புதுப்பெண், ஜல்லி சுமந்தவர்களுக்கு மோர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சாவப்போறவ எங்கே?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார். "தோ, மேஸ்திரிகிட்ட சண்டை போட்டுக்கினு இருக்காங்க" என்று அவள் சொன்னாள். கல்யாணமாகி அவரிடம் அவள் பயமில்லாமல் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்கப்புறம் ஒரு தை மாசம். கெங்கம்மா விடிகாலையில் வாசல் தெளிக்கப் போனவள் தெளித்த ஈரத்திலேயே விழுந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தந்தி போனது, அதே வார்த்தைகள். தபாலாபீசில் இருந்தவர்கூட, "இப்ப இன்னா விசேஷம் வீட்ல?" என்று கேட்டாராம். அங்கே தந்தியைப் பார்த்த ஆபீசர், உங்கம்மாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை சீரியஸ் ஆகுதே, ஆகி முடிஞ்சதும் சொல்லு என்று சிரித்தாராம். ஏகாம்பரமும் சிரித்தாராம். அதுதான் அவரால் இன்றைக்கும் முழுசாகச் சொல்ல முடியாத இடம். சொல்லிக்கொண்டு வருவார், அந்தச் சிரிப்பு வந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ரெண்டாவது தந்தியை நம்பி அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் ஆகிவிட்டது. இங்கே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பூங்காவனம், நாலு மாசம் வயிற்றில் தணிகை. கெங்கம்மாவுக்குப் பேச்சு குழறியது. ஆனால் கேட்டது ஒன்றைத்தான். வந்துட்டானா. பஸ் சத்தம் கேட்டால் கண் வாசலுக்குப் போகும். வந்துக்கினே இருக்காரு அத்தை, காட்பாடி தாண்டிட்டாராம் என்று இவள் சொல்வாள். காட்பாடி எத்தனை நேரம்தான் தாண்டும். அந்தக் கண் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி இவள் முகத்துக்கு வரும். நம்பவில்லை என்று தெரியும். பொய்யும் நிஜமும் ஒரே மாதிரி இருப்பது அந்தக் கண்ணுக்குப் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் தணிகை பிறந்தபோது சீரியஸ் ஆவதற்கு வீட்டில் அம்மா யாரும் இல்லை. பொண்டாட்டிக்குப் பிரசவம் என்பது அந்தக் காலத்தில் ஒரு காரணமே கிடையாது. ஏகாம்பரம் பெட்டியோடு வந்து இறங்கியபோது தணிகை தவழ்ந்துகொண்டிருந்தான். மீசையைப் பார்த்து வீறிட்டு அழுதுகொண்டு இவள் புடவைக்குள் போனான். ரெண்டு கையையும் நீட்டியபடி அந்த மனுஷர் நின்றாரே, நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்புறம் பெட்டியைத் திறந்தாரே.

"பூங்காவனம், இருக்கிறியா?"

பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் கிண்ணத்தோடு வந்து நின்றாள். பூங்காவனத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடியாதவள் இப்படித் தரையில் உட்கார்ந்து துணி கிழித்துக்கொண்டிருப்பாளா. இவள் பார்த்துவிட்டாளே. பார்த்தால் என்ன, சுபேதார் தனபாக்கியத்துக்கா போன் பண்ணப்போகிறார். ஆனாலும் புடவைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் புளி குடேன். இன்னா, போர்த்துக்கினு உக்காந்திருக்கே, குளிருதா?"

"இல்ல. சும்மா."

"இந்த வெயில்ல சும்மா யாராச்சும் போர்த்துவாங்களா. பையன் பனியைக் கொண்டாந்துட்டானா?" தனபாக்கியம் கிழித்து அடுக்கியிருந்த துணியைப் பார்த்தாள். "அய்ய, ஒரு ஆஸ்பத்திரிக்கே துணி கிழிச்சி வெச்சிருக்கே. ஒரு குழந்தைதானே, இல்ல ஸ்கேன்ல வேற எதுனா சொன்னாங்களா? சரி, தணிகை எப்பக் கிளம்பறான்?"

எப்போது கிளம்புகிறான். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமையே ஆகிவிடுமோ. இல்லை, இன்னும் பத்து நாள் இருப்பான் என்றால் கிடைப்பதற்கு முன்னால் சொன்னதாக ஆகிவிடுமோ. "பார்க்கலாம்" என்றாள். பட்டாளத்துக்காரன் அம்மா பார்க்கலாம்ன்ற, கவர்மென்ட்டே உங்கிட்டதான் கேக்கும்போல என்று சொல்லிவிட்டுத் தனபாக்கியம் புளியை வாங்கிக்கொண்டு போனாள். போனவள் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் வீடு மறுபடியும் அமைதியாயிற்று. வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்திருந்தது. தணிகைக்கென்று போட்ட கட்டில். அவன் அதில் படுப்பதில்லை. வந்த நாளிலிருந்து தரையில்தான், சுவரோரமாக, கையைத் தலைக்குக் கொடுத்து. விடிவதற்கு முன்னால் எழுந்து போர்வையைச் சதுரமாக மடித்துவிடுவான். மடித்த போர்வையைப் பார்த்தால் ராத்திரி அங்கே யாரோ படுத்திருந்ததாகவே தெரியாது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கசங்கிக் கிடந்தால் இருக்கிறான் என்று இருக்கும். கன்னம் ரெண்டும் கறுத்துத் தோல் உரிந்து வந்தான், தேங்காயெண்ணெய் தடவித் தடவி இப்போதுதான் பழைய நிறம் எட்டிப் பார்க்கிறது. சாப்பிடும்போது யாரோ தட்டைப் பிடுங்கப்போகிறமாதிரி சாப்பிடுவான். அங்கே எப்படிடா இருக்கும் என்றால், நல்லாத்தாம்மா இருக்கும், வெள்ளையா இருக்கும் என்பான். வெள்ளையாக இருக்கும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. முந்தாநாள் நிரோஷா தூங்கிக்கொண்டிருந்தபோது அவன் அவள் வயிற்றுப் பக்கம் குனிந்து ரகசியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் எடுக்க வந்த இவள் அப்படியே திரும்பிவிட்டாள். சீக்கிரம் வா, எனக்கு ரயில் இருக்குது என்றுதான் சொல்லியிருக்கவேண்டும், வேறென்ன சொல்லியிருப்பான். அப்புறம் அடுப்படிக்கு வந்து, "பொறந்தவுடனே ஆளு அடையாளம் தெரியுமாம்மா?" என்று கேட்டான். எங்கே தெரியும், கண்ணே சரியாகத் திறக்காது என்றாள். "குரல்?" என்றான். குரல் தெரியும், வயிற்றிலிருந்தே கேட்டுக்கினு இருக்குமில்ல என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அவன் கணக்கு என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியோடு வந்து நின்று கையை நீட்டுகிறவனாக அவன் ஆகக்கூடாது.

சரி, சொல்லிவிடலாம். சொன்னால் என்ன, பெற்ற பிள்ளைக்காகச் சொல்வது. ஆனால் இது ஒருதடவைதானே செல்லும். இன்றைக்குச் செலவழித்துவிட்டால், நாளைக்கு நிஜமாகவே ஒன்று வரும்போது, வராமலா போகும், எல்லாருக்கும் வருவதுதானே, அன்றைக்கு இவர்கள் போன் போடுவார்கள், அங்கே ஒருவர் சிரிப்பார், போன வருஷம்தானே உங்கம்மாவுக்கு என்பார். இவள் கட்டிலில் கிடப்பாள். நிரோஷா பக்கத்தில் உட்கார்ந்து, காட்பாடி தாண்டிட்டாராம் அத்தை என்பாள். நல்ல பெண், சொல்வாள். இவளுக்குத் தெரிந்துபோகும். வேண்டாம், நிஜத்தைச் சொல்லிவிடலாம். எனக்கு ஒன்றுமில்லை சார், மருமகளுக்குத்தான் நாள் தள்ளிப்போகிறது, பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் தணிகை பொய் சொன்னவன் ஆவான். மேலதிகாரியிடம் பொய் சொன்னால் என்ன செய்வார்கள். முதுகில் மூட்டை கட்டி ஓடவிடுவார்கள் என்று ஏகாம்பரம் ஒருதடவை சொல்லியிருக்கிறார். பனியில் எப்படி ஓடுவது. பொய்யும் சொல்லாமல் நிஜமும் சொல்லாமல் எதையாவது சொல்ல முடியுமா. பேசாமல் போனை எடுக்காமலே இருந்துவிட்டால். எடுக்காவிட்டால் ரொம்ப முடியவில்லை என்று அவராகவே நினைத்துக்கொள்வாரோ. அதுவும் ஒருவகையில் இவள் சொன்னதுதான் ஆகும். அந்தத் தேவதைக்கு வாயால் சொன்னதுதான் கணக்கா, சொல்லாமல் சொன்னதும் கணக்கா.

போன் அடித்தது.

அவள் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த துணி சரிந்தது. ஜன்னலுக்குப் போனாள், எடுக்கக் கை நீட்டினாள், எடுக்கவில்லை. அது கட்டைமேல் நடுங்கி நடுங்கி நகர்ந்து, அப்புறம் ஓய்ந்தது. திரும்ப அடிப்பார். பட்டாளத்துக்காரர், ஒரு தடவையோடு விடமாட்டார். அவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்கே முழுசாகத் தெரியவில்லை, ஆனால் கை செய்துகொண்டே போனது. அலமாரியில் காய்ச்சல் மாத்திரை இருந்தது, ஒன்றை வாயில் போட்டுச் செம்புத் தண்ணீரைக் குடித்தாள். தணிகையின் பெட்டிக்கு மேலிருந்த பச்சைக் கம்பளியை எடுத்தாள். கட்டிலில் ஏறிப் படுத்து, கம்பளியை மார்புவரை போர்த்துக்கொண்டு, ஜன்னல் கட்டைக்குக் கை எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். எட்டியது. இப்போது அவள் படுத்திருப்பது நிஜம். மாத்திரை போட்டிருப்பது நிஜம். நெஞ்சு அடித்துக்கொள்வதும் நிஜம்தான். மறுபடி அடித்தபோது எடுத்தாள்.

"அம்மாங்களா? சுபேதார் ஞானசேகரன் பேசறேம்மா. தணிகைவேல் யூனிட்லருந்து."

"சொல்லுங்க சார்." இழுக்க மறந்துவிட்டாள். மூச்சு மட்டும் தானாகவே வாங்கியது.

"உடம்பு எப்படிம்மா இருக்குது?"

"படுத்துக்கினு இருக்கேன் சார்."

"மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

"இப்பத்தான் ஒண்ணு போட்டேன்."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

இதை ஏகாம்பரம் சொல்லித் தரவில்லை. டாக்டர் டாக்டர் என்று மனசு நாலு பக்கமும் ஓடித் திரும்பியது. "டாக்டர் ஆஸ்பத்திரியில இருக்காரு சார்" என்றாள்.

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது, தகரத்தில் மோதுகிற காற்று. அப்புறம் அவர், "மருமகளுக்கு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

"குடியாத்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் ஆரணிப் பக்கந்தாம்மா. பயப்படாதீங்க. எங்க ஊர்லயும் எல்லா அம்மாவும் சீரியஸ் ஆனவங்கதான்." அவர் குரலில் கிண்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. "பிரசவத்துக்குன்னு உள்ள லீவை அவன் எடுத்துட்டான். இன்னும் வேணும்னா நான் மேல ஒரு காரணம் சொல்லணும். உங்களைக் கேட்டேன், உங்க வாயால சொன்னீங்கன்னு சொன்னா, நான் எழுதிடுவேன். நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ரொம்ப முடியலையா?"

அவள் கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முரட்டுக் கம்பளி, உள்ளங்கையை அறுத்தது. "எழுதிட்டா அது அங்கியே இருக்குமா சார்?"

"எது?"

"எனக்கு முடியலன்னு எழுதறது."

"ரெக்கார்டுல இருக்குமே."

"அப்புறமா எனக்கு நிஜமாவே ஒண்ணுன்னா? அப்ப போன் பண்ணா, நம்புவீங்களா சார்?"

இந்தத் தடவை காற்று ரொம்ப நேரம் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "நான் இருந்தா நம்புவேம்மா" என்றார் அவர். "வர்ற வருஷம் நான் பென்ஷன்ல போயிடுவேன். அப்புறம் இருக்கறவங்க எப்படின்னு நான் சொல்ல முடியாது."

அவர் அப்படிச் சொல்லாமல் கட்டாயம் நம்புவாங்கம்மா என்று சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை பயந்திருப்பாள். உள்ளதைச் சொன்னதும் மனசு என்னவோ ஓர் இடத்தில் போய் நின்றது. கெங்கம்மாவின் கண் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே, பெட்டி பக்கத்தில் நின்று ஏகாம்பரம் நீட்டிய ரெண்டு கையும் வந்தன. ஒன்றைத்தான் பார்த்துக்கொள்ள முடியும் போலிருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவள் ஒருத்தியோடு போய்விடும், அதுவும் கொஞ்ச நேரம். அந்தக் கை அவர் பிள்ளை வளர்ந்து மீசை வைத்த பிறகும் நீட்டினபடியேதான் இருக்கிறது.

"எழுதிக்குங்க சார்" என்றாள். "எனக்கு ரொம்ப முடியல. எம் பையன் எங்கூட இருக்கணும்."

"சரிம்மா. பத்து நாள் போட்டுடறேன். உடம்பைப் பார்த்துக்குங்க" என்று அவர் போனை வைத்தார்.

சொல்லியாகிவிட்டது. எவ்வளவு நேரம் பயந்தாளோ அவ்வளவும் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. வீட்டில் சத்தமே இல்லை. எழுந்து மதியச் சமையலைப் பார்க்கலாம், பருப்பு ஊறிக்கொண்டிருக்கிறது. காலைக் கீழே வைக்கப்போனவள் வைக்கவில்லை. எழுந்தால் அது பொய்யாகிவிடும். பொய்யாக விட்டுவிட்டால் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், என்றைக்காவது ஒருநாள் தன் பாக்கியைக் கேட்டுக்கொண்டு வரும். கெங்கம்மா செய்த தப்பு அதுதான் என்று திடீரென்று தோன்றியது. சீரியஸ் என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்; சொன்னதற்கு ஒருநாளாவது படுத்தாளா. மூன்று சீரியஸையும் படாமலே விட்டாள், எல்லாம் சேர்ந்து அந்தத் தை மாசத்தில் வந்தது. பூங்காவனம் காலை மடக்கிக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. நிரோஷாவைக் கைப்பிடித்து இறக்கிவிட்டு உள்ளே வந்த தணிகை, வெயில் விழுகிற கட்டிலில் அம்மா கம்பளி போர்த்துக் கிடப்பதைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து எல்லாம் போய்விட்டது. செருப்போடு ஓடி வந்து மண்டி போட்டு நெற்றியில் கை வைத்தான். "இன்னாம்மா? இன்னா ஆச்சு? எப்பருந்து?" உரிந்து கறுத்த கன்னம், சின்னப் பிள்ளைக் கண். பொய்க்கே இப்படி ஓடிவருகிறவன் என்று அவள் நினைத்தாள். 

"ஒண்ணுமில்ல. அவரு பண்ணாரு. பத்து நாள் குடுத்துட்டாரு."

அவன் கையை எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது. "ஏம்மா, உயிரே போய்ச்சி. போன்தான் வெச்சாச்சே, இன்னும் இன்னாத்துக்குப் படுத்துக்கினு இருக்கே? எழுந்திரு."

"எழுந்திரிக்க மாட்டேன். சொன்னது சொன்னதுதான். இன்னிக்கே பட்டு முடிச்சிடறேன்."

"இன்னாது?"

"போய்க் கஞ்சி வை. நிரோஷாவை அடுப்பாண்ட விடாதே, நீயே வை. முடியாதவளைப் பையன்தான் பார்க்கணும்னு சொல்லியிருக்கேன்."

அவன் நிரோஷாவைப் பார்த்தான், நிரோஷா அவனைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவன் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டி, பட்டாளத்துக் கணக்கில் நாலு பேருக்குத் தண்ணீர் ஊற்றி, கஞ்சி வைத்துக்கொண்டு வந்தான். உப்பு போட மறந்திருந்தான். அவள் கேட்கவில்லை. அவன் முதுகைத் தாங்கிப் பிடிக்க, உட்கார்ந்து ஒரு வாய் மிச்சம் வைக்காமல் குடித்தாள், கிண்ணத்தின் அடியில் தங்கிய பருக்கையையும் விரலால் வழித்துத் தின்றாள். அப்புறம் மறுபடியும் படுத்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வெயில் கொளுத்தியது. நெற்றியிலிருந்து வியர்வை கிளம்பிக் காதோரமாகத் தலையணையில் இறங்கியது. துடைக்கவில்லை. காய்ச்சல் விடும்போது வியர்க்கத்தான் செய்யும் என்று அசையாமல் கிடந்தாள்.